புளோரிடாவுக்கு ஒரு பெட்டி இலையுதிர்காலம்

1

ஒக்டோபர் பிறந்துவிட்டால் ரொறன்ரோவே மரங்களைப் பார்த்து வாயைப் பிளக்கும். ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகள் மேப்பிள் மரத்துக்குக் கீழே நின்று படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவார்கள். நீங்களும் அதைப் பார்த்துவிட்டு, 'உங்களுக்கென்ன, சொர்க்கத்தில் இருக்கிறீர்கள்' என்று எழுதுவீர்கள். அந்த மரத்திலிருந்து விழுவதை யார் கூட்டி அள்ளுகிறார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான்தான் அள்ளுகிறேன்.

ரொறன்ரோவின் கிழக்கே மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு முற்றத்தில் மேப்பிள் மரம் கிடையாது. பக்கத்து வீட்டில் இருக்கிறது. மரம் அங்கே இருக்கிற இத்தாலியக் கிழவருடையது, நிழலும் அவருடையது, இலைகள் மட்டும் காற்றின் தயவில் எங்களுடையவை. அவற்றை வாரி, காசு கொடுத்து வாங்கிய மண்ணிறக் கடதாசிப் பைகளில் அமுக்கி, மாநகரசபை குறித்துத் தந்த கிழமையில் தெருவோரம் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் லொறிக்காரர் எடுக்க மாட்டார்கள். அவர்கள் வருகிற நாளுக்கு முதல்நாள் பார்த்து மழை பெய்யும். பை ஊறிக் கிழியும். கொட்டுப்பட்டதை மறுபடி குனிந்து அள்ள வேண்டும். என் இடுப்பு இந்த நாட்டுக்கு வந்து தேய்ந்ததில் பாதி தொழிற்சாலையில், மீதி இந்த முற்றத்தில்.

இந்த வருடம் ஒக்டோபர் பிறந்தும் வெயில் குறையவில்லை. வியர்க்க வியர்க்க அள்ளிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. ஆரபி. எங்கள் ஒரே மகள். தாதி. புளோரிடாவில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். இரண்டு வருட ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டுப் போனவள். வருகிற ஏப்ரலில் அது முடிகிறது. அதனால்தான் மேல்மாடியில் அவளுடைய அறையை அப்படியே வைத்திருக்கிறேன். கட்டில் விரிப்பைக்கூட மாதம் ஒருமுறை தோய்த்து விரிக்கிறேன்.

"அம்மா, என்ன செய்யிறீங்க?"

"குப்பை அள்ளுறன்."

"ஓ மை கோட், லீவ்ஸ்! காட்டுங்கோ, காட்டுங்கோ!"

நான் தொலைபேசியைப் பையின் வாய்க்குள் காட்டினேன்.

"பாக்குக்குள்ளை இல்லை அம்மா. கீழை கிடக்கிறதை."

காட்டினேன். எத்தனை வருடம் இந்த முற்றத்தைக் கூட்டியிருப்பேன்! வீட்டில் இருந்த காலத்தில் ஒருநாள் வெளியே வந்து, "விடுங்கோ அம்மா, நான் அள்ளுறன்" என்று சொன்ன பிள்ளை இல்லை இவள். இப்போது கோயிலில் திரை விலகுவதற்குக் காத்திருப்பவள் போலப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"எனக்குக் கொஞ்சம் அனுப்பேலுமா?"

"என்னத்தை?"

"லீவ்ஸ். ரெட், ஒரேஞ்ச் எல்லாம் மிக்ஸ் பண்ணி. ஃப்ரண்ட் டோரிலை மாட்டப்போறன். இஞ்சை ஃபோல் எண்டு ஒண்டுமே இல்லை அம்மா. ஐ மிஸ் இட் ஸோ மச்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? வாசலில் சருகு கட்டுவாளாம். கட்டின மாவிலை வாடினாலே அவிழ்த்து எறிகிற பரம்பரையில் பிறந்துவிட்டு, வாடி விழுந்ததைப் பொறுக்கிக் கட்டப்போகிறாள். ஆனால் கோபத்துக்குக் கீழே இன்னொன்று குறுகுறுவென்று ஊர்ந்தது. பிள்ளை இந்த இடத்துக்கு ஏங்குகிறாள். இங்கே விழுகிற குப்பைகூட அவளுக்குத் தேடுகிறது. அப்படியென்றால் ஏப்ரலில் வந்துவிடுவாள்.

"பாப்பம்" என்றேன், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

2

புளோரிடாவில் இலை பச்சை. அதற்குப் பிறகும் பச்சை. இடையில் புயல் வந்தால் மரமே இல்லை. இதுதான் அங்கே பருவகாலம் என்று ஆரபியே சொல்வாள்.

அந்த ஊரில் இருந்துகொண்டு இலையுதிர்காலத்தை எப்படி உண்டாக்குவது என்று அவள் படுகிற பாட்டைப் பார்த்தால் எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும். போன மாதம் பெரிய பூசணிக்காய் ஒன்றை வாங்கி வாசற்படியில் வைத்தாளாம். வெயிலில் அது உள்ளுக்குள் அவிந்து, ஒரு கிழமைக்குள் அடி இளகி, எறும்பு மொய்த்து, கடைசியில் மண் அள்ளுகிற சவளால் சுரண்டி எடுத்தாளாம். கறுவாப்பட்டை மணக்கிற மெழுகுதிரி கொளுத்துகிறாள். குளிரூட்டியைக் கூட்டிவிட்டு உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்கிறாள்.

"கரண்ட் பில் ஆர் கட்டுறது?" என்று கேட்டேன்.

"அம்மா, நீங்கள் பொங்கலுக்குக் கராஜுக்குள்ளை ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிண்டு பொங்கிறீங்கதானே?"

"அது வேறை."

"டோரிலை பிளாஸ்டிக் மாவிலை கட்டுறீங்கதானே? ஸ்நோ கொட்டேக்கை?"

"அது வேறை பிள்ளை."

"எப்பிடி வேறை?"

அவளுக்கு வாய் நீளம், அது என்னிடமிருந்து போனதுதான். அடுப்பில் கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லித் தப்பிவிட்டேன். உண்மையில் அன்று சமையலே இல்லை. முதல்நாள் கறியைச் சூடாக்கிச் சாப்பிட்டிருந்தோம்.

எங்கள் ஒவ்வொரு தொலைபேசிக் கதையும் முடிகிற விதம் ஒன்றுதான். "நீங்க எப்ப வாறீங்க?" என்று அவள் கேட்பாள். "நீ எப்ப வாறாய்?" என்று நான் கேட்பேன். இரண்டு பேரும் பதில் சொல்லாமல் வைத்துவிடுவோம். நான் போகாததற்கு இடுப்பைச் சாட்டுவேன். இடுப்பு நோகிறதுதான், பொய் இல்லை. ஆனால் திரும்பி வரப்போகிற பிள்ளையைப் பார்க்க ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? போய்ப் பார்த்தால் அதுதான் அவளுடைய இடம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அவள் முதலில் இருந்த வாடகை வீட்டின் சுவர்களை வீடியோவில் எப்போதும் கவனிப்பேன். வெறும் வெள்ளைச் சுவர். ஒரு படம் இல்லை, மணிக்கூடு இல்லை. கோடையில் வேலைக்குக் கிட்டவாக வேறு வீட்டுக்கு மாறினாள். அங்கேயும் பெட்டிகள் சுவரோரம் அடுக்கினபடி கிடந்தன. மற்றத் தாய்மார் பிள்ளையின் வீடு வடிவாக இருந்தால் சந்தோஷப்படுவார்கள். நான் பிரிக்காத பெட்டிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

3

வெறும் சுவரைப் பற்றி எனக்குத் தெரியும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு உயரக் கட்டடத்தில் குடியேறினோம். என் கணவர், நான், கொஞ்சக் காலத்துக்குப் பிறகு ஆரபி. அந்த வீட்டுச் சுவரில் நாங்கள் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. கட்டட மேற்பார்வையாளருக்கு அது பிடிக்காது என்பது ஒரு சாட்டு. மற்ற வீட்டுக்காரர்கள் அடித்துத்தான் வைத்திருந்தார்கள். "நாளைக்குப் போறவைக்கு என்னத்துக்கு ஆணி?" என்பார் இவர். சுவாமிப் படங்கள் அலுமாரித் தட்டில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. மணிக்கூடு குளிர்சாதனப் பெட்டியின் தலையில் படுத்துக் கிடந்தது. நேரம் பார்ப்பதற்கு எட்டி எடுக்க வேண்டும். ஊரில் சண்டை நின்றதும் போவோம், பிள்ளை பெரிய பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் போவோம் என்று சொல்லிச் சொல்லியே ஆரபி தவழ்ந்தாள், நடந்தாள், இங்கிலிஷ் பேசினாள்.

எங்கள் முதல் இலையுதிர்காலத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேலை தேடி பஸ்ஸில் போகிறபோது, பெரிய பெரிய வீடுகளின் வாசலில் வைக்கோல் அடைத்த வெருளிப் பொம்மை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பூசணிக்காய். நம்முடைய ஊரில் வெருளி எங்கே நிற்கும்? கட்டி முடியாத வீட்டில், நாவூறு, கண்ணூறு படாமல் இருக்க. கொக்குவிலில் எனக்குச் சீதனமாக அப்பா கட்டத் தொடங்கிய வீட்டிலும் ஒன்று நின்றது, பழைய சேட்டு மாட்டி, சட்டித் தலையோடு. வீடு முடிய முதல் நாங்கள் நாட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டோம்.

"பாத்தீரே, வெள்ளைக்காரருக்கும் நாவூறுப் பயம் இருக்கு" என்றார் இவர். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நம்மைப் போன்ற சனங்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் முடிந்த மறுநாள் காலை தெருவெல்லாம் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. ஹலோவீன் கொண்டாட்டம் முடிந்து பெடியள் உடைத்தது என்று யார் கண்டது? நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் நாவூறு போகக் கழிப்புக் கழித்து நாற்சந்தியில் உடைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தோம். கழித்ததைக் கடந்தால் அது நம்மோடு வந்துவிடும் அல்லவா? சுற்றிச் சுற்றி, வேறு தெருவால் போய், பஸ்ஸைத் தவறவிட்டு, இவர் புதிதாகக் கிடைத்த வேலைக்குப் பிந்தி, முதலாளியிடம் ஏச்சு வாங்கினார். ஏன் பிந்தினாய் என்று கேட்டதற்கு, பூசணிக்காய் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாராம்.

பிறகு மோர்னிங்சைட்டில் இந்த வீட்டை வாங்கினோம். குடிபுகுந்த அன்று அஜின்கோர்ட் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தை ஒரு கையிலும் சுத்தியலை மறு கையிலும் பிடித்தபடி இவர் முன்கதவடியில் நின்றார். "கதிரையைப் பிடியும்" என்றார். அவர் ஏறி நிற்க நான் பிடித்தேன். கதவு நிலையில் இரண்டு பக்கமும் ஆணி அடித்தார். ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது, உயர்த்தச் சொன்னேன், திரும்பவும் பிடுங்கி அடித்தார். புது நிலையைப் பழுதாக்கிவிட்டீர்கள் என்று திட்டிக்கொண்டே நின்றேன். அவர் தோரணத்தை இழுத்துக் கட்டினார். இறங்கி, நின்று, கதவைப் பார்த்து, "இனி இதுதான்" என்றார். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்புகிற கதையை அவர் எடுத்ததே இல்லை.

4

சரி, இலைக்கு வருகிறேன்.

பாப்பம் என்று சொன்னவள் அடுத்தநாட் காலையே முற்றத்தில் நின்றேன். எங்கள் பக்கம் விழுந்தவற்றில் பாதி மிதிபட்டு, பாதி துருப்பிடித்த கறள் நிறம். நல்ல சிவப்பெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம், கிழவரின் புல்லில் கிடந்தன. எத்தனை வருடமாக அந்த மனுசனிடம், உங்கள் மரம், உங்கள் இலை, எங்கள் முற்றம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சண்டை பிடித்திருக்கிறேன்! அதே நான் அவருடைய புல்லில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

கிழவர் என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். "யூ லைக்?" என்று கேட்டார்.

என்னத்தைச் சொல்ல? "மை டோட்டர்" என்றேன். "புளோரிடா. நோ லீவ்ஸ்."

அவருக்கு என்ன விளங்கியதோ, நெஞ்சில் கையை வைத்துத் தலையை ஆட்டினார். பின்னேரம் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கடதாசிப் பை நிறைய இலை. அடுத்தநாள் இன்னொன்று. மூன்றாவது பையோடு வந்தவரை வழியில் மறித்து, போதும், போதும், தாங்க் யூ என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவருடைய குப்பையையும் சேர்த்து நான் தெருவோரம் வைத்ததுதான் மிச்சம்.

பொறுக்கியதை என்ன செய்வது? காயவைக்க வேண்டும். பச்சையாக அனுப்பினால் பூஞ்சணம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். காயவைக்கிற விடயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வடகம், மோர்மிளகாய், பனங்கிழங்கு ஒடியல் எல்லாம் காயவைத்த கை. இரண்டு சுளகில் இலைகளைப் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் பழைய வேட்டித் துண்டால் மூடி, நல்ல வெயிலில் கார்ப்பாதையில் வைத்தேன். பின்னேரம் துணியை எடுத்துப் பார்த்தால் சிவப்பைக் காணவில்லை, மஞ்சளைக் காணவில்லை. எல்லாம் மண்ணிறமாகி, ஓரம் சுருண்டு, பொரித்த அப்பளம் போலக் கிடந்தன. ஒன்றைத் தொட்டேன், தூளாகியது.

இவர் வந்து குனிந்து பார்த்தார். "உப்புப் போட்டனீரோ?" என்று கேட்டார்.

அந்த மனுசனுடன் அன்று நான் பேசவில்லை.

அதன் பிறகு ஆரபியே தொலைபேசியில் சொல்லித் தந்தாள். புத்தகத்துக்குள் வைத்து, மேலே பாரம் ஏற்ற வேண்டுமாம். தொலைபேசி நம்பர்ப் புத்தகம் இப்போது எந்த வீட்டில் இருக்கிறது? அவளுடைய அறைக்குப் போய், அவள் தாதிப் படிப்புக்கு வாங்கிய தடித்த புத்தகங்களை எடுத்தேன். இருதயம், சுவாசப்பை, சிறுநீரகம் என்று ஒவ்வொரு அதிகாரத்துக்குள்ளும் நாலைந்து இலையை வைத்து, அம்மிக்குழவியைத் துணியால் சுற்றி மேலே ஏற்றினேன். ஒரு கிழமையில் இலைகள் அழகாகத் தட்டையாகி, நிறம் அப்படியே நின்றது. கையில் எடுத்துப் பார்த்தபோது, மனமறிந்து சொல்கிறேன், வடிவாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு மேப்பிள் இலையை நான் நின்று பார்த்தது அன்றுதான்.

5

இலைகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய், மருந்துக்கடைக்குள் இருக்கிற தபால் பிரிவில் வரிசையில் நின்றேன். கவுண்டரில் நின்ற பிள்ளை என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். அந்த ஆறுதல் அதிக நேரம் நிலைக்கவில்லை.

"உள்ளுக்கு என்ன அன்ரி?"

"இலை."

"கறிவேப்பிலையோ? உது போகாது அன்ரி. எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன்."

"கறிவேப்பிலை இல்லை. மேப்பிள் இலை."

"எங்கட மேப்பிள் இலையோ? வெளியிலை கிடக்கிறதோ?"

"ஓம். மகள் புளோரிடாவிலை. வாசலிலை மாட்டப்போறாளாம்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைத் தட்டிப் பார்த்தாள். "பிளாண்ட் மெட்டீரியல் எண்டு வரும் அன்ரி. அமெரிக்காவுக்கு அப்பிடி அனுப்பேலாது. பூச்சி, நோய் வருத்தம் ஏதும் போய்ச்சேரும் எண்டு பயம் அவைக்கு. பிடிச்சா எறிஞ்சுபோடுவினம்."

"காஞ்ச இலையிலை என்ன பூச்சி? புத்தகத்துக்குள்ளை ஒரு கிழமை கிடந்தது."

"எனக்கு விளங்குது. கொம்பியூட்டருக்கு விளங்காது. பிளாஸ்டிக் எண்டா பிரச்சினை இல்லை."

கொடியில் அந்த இலையைத்தான் வைத்திருக்கிறார்கள். காசில் வைத்திருக்கிறார்கள். குடியுரிமை தந்த அன்று சின்னக் கொடியாகக் கையில் தந்து ஆட்டச் சொன்னார்கள். அதில் ஒன்றை நான் பெற்ற பிள்ளைக்கு அனுப்ப வழியில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் செருமினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, காருக்குள் இருந்து, யாரை ஏசுவது என்று தெரியாமல் சீற் பெல்ட்டை இரண்டு தரம் இழுத்து விட்டேன்.

"விடுமன்" என்றார் காரில் காத்திருந்த இவர். "உங்கை மலிவுக் கடையிலை பிளாஸ்டிக் இலை தொங்குது."

அதற்கும் போனோம். ஒக்டோபர் முடியவில்லை, கடைக்குள் கிறிஸ்மஸ் மரத்தோடு நத்தார் வந்துவிட்டது. இலையுதிர்காலத்தைக் கழிவு விலையில் ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். கிளறித் தேடி, நல்ல சிவப்பில் நீளமான ஒரு சரம் எடுத்தேன். துணியில் செய்த மேப்பிள் இலைகள். பின்பக்கம் பார்த்தால் சீனாவில் செய்தது.

"கனடாவிலை இருந்துகொண்டு மேப்பிள் இலையைக் காசு குடுத்து வாங்கின முதல் ஆள் நீர்தான்" என்றார் இவர். சிரிக்கவும் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து, நிஜ இலைகளை எடுத்துவிட்டுச் சரத்தைப் பெட்டிக்குள் வைத்தேன். நிறைய இடம் கிடந்தது. யோசித்துவிட்டு மேலே போய், அவளுடைய அலுமாரியிலிருந்து குளிர் ஜாக்கெட்டை எடுத்துவந்தேன். நீல நிறம், கழுத்தில் உரோமம் வைத்தது. போகிறபோது, "புளோரிடாவுக்கு இதென்னத்துக்கு" என்று விட்டுவிட்டுப் போனாள். ஏப்ரலில் இங்கே குளிரும். விமானத்தால் இறங்குகிறபோது கையில் இருந்தால் வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

இவர் அதைப் பார்த்தார். "பெட்டியைப் பெரிசாக்காதையும்" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன். மடித்து, அமுக்கி, பெட்டியை மூடி, ஒட்டுநாடாவைச் சுற்றினேன். ஒருவரும் பிரித்து எடுத்துவிட முடியாதபடி கனக்கச் சுற்றினேன்.

6

பெட்டி போய்ச்சேர்ந்த அடுத்த ஞாயிறு பகல் ஆரபி வீடியோவில் வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாத்தி வைத்திருந்தேன். அங்கே நல்ல வெயில். அவள் அரைக்கைச் சட்டையோடு வாசலில் நின்றாள், முகமெல்லாம் வியர்வை.

"அம்மா, சர்ப்ரைஸ்! பாருங்கோ!"

தொலைபேசியைத் திருப்பினாள். வெள்ளைக் கதவு. அதற்கு மேலே ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நான் அனுப்பிய சரம். நடுவில் தளர்ந்து, இரண்டு பக்கமும் தொங்கல் விட்டு, எங்கள் வாசலில் மாவிலை எப்படித் தொங்குகிறதோ அப்படியே தொங்கியது. இப்படிக் கட்டு என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் கதவின் மாவிலைக்குக் கீழே போய் வந்து வளர்ந்தவளுக்கு வேறு விதமாகக் கட்டத் தெரியவில்லை.

"வடிவாத்தான் இருக்கு" என்றேன். "என்னத்தாலை ஒட்டினனி?"

"முதல் ஸ்டிக்கர் ஹூக் போட்டனான் அம்மா. இந்த வெயிலுக்கு கம் உருகி, ரெண்டு தரம் விழுந்திட்டுது. பிறகு ஆணி அடிச்சிட்டன்."

"வாடகை வீட்டிலை ஆணியோ? வீட்டுக்காரன் டெப்பொசிற்றிலை வெட்டப் போறான். கழட்டு கழட்டு, சொல்லிப்போட்டன்."

கதவு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு தொலைபேசி மெல்லத் திரும்பி, முகம் வந்தது.

"அம்மா, இது ரென்ட் இல்லை. நான் வாங்கிட்டன். சமர்லை."

இவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"வேலையை பெர்மனன்ட் ஆக்கிட்டினம். சொல்லுவம் சொல்லுவம் எண்டு... நீங்க ஒவ்வொருமுறையும் ஏப்ரல், ஏப்ரல் எண்டேக்கை எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு. ஜாக்கெட்டைப் பாத்திட்டு நேற்று முழுக்க அழுதனான். ஐ ஆம் சொரி அம்மா."

எனக்கு உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. கோடையிலிருந்து! நான் கட்டில் விரிப்பைத் தோய்த்தேன், கிழவரின் புல்லில் குந்தினேன், கவுண்டரில் அந்தப் பிள்ளையின் சிரிப்பை வாங்கினேன், கழிவு விலைக் குவியலுக்குள் கைவிட்டுச் சீன இலை எடுத்தேன். எல்லாம் அவள் இங்கே வருவதற்கென்று நினைத்து. அவளோ அங்கே இருப்பதற்கென்று கேட்டிருக்கிறாள். வாயில் என்னவெல்லாமோ வந்தது. பெற்று வளர்த்த கதை, தனிப் பிள்ளை என்கிற கதை, எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

நான் தொடங்க முதல் இவர் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"பிள்ளை, ஆணி நிலையிலை அடிச்சனியோ, சுவரிலையோ?"

"சுவரிலை அப்பா."

"சுவரிலை நிக்காது. நிலை மரத்திலை அடி. புயல் காத்துக்கும் ஒண்டும் செய்யாது."

இந்த மனுசனை என்ன செய்ய? பிள்ளை கையைவிட்டுப் போகிறாள், இவர் ஆணி அடிக்கப் பழக்குகிறார். நான் அவரை முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் முன்கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி அப்பா, இப்பவே மாத்துறன்" என்றாள். தொலைபேசியை எங்கேயோ சாய்த்து வைத்தாள். ஒரு கதிரையை இழுத்து வந்து கதவடியில் போட்டாள். அடியில் உருளுகிற சில்லு வைத்த கதிரை. படிக்கிற மேசைக் கதிரை. அதில் ஏறி, ஒரு கையில் சுத்தியல், வாயில் ஆணி. கதிரை இந்தப் பக்கம் ஒருதரம் உருண்டது, அந்தப் பக்கம் ஒருதரம் உருண்டது. நான் என்னையறியாமல் மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இறங்கடி கீழை!" என்று கத்தினேன். "கதிரையைப் பிடிக்க ஒரு ஆளில்லாமல் என்ன ஏற்றம் உனக்கு? இறங்கு! ஒண்டையும் தொடாதை. நான் வந்து பிடிக்கிறன்."

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. அவள் கதிரையில் நின்றபடியே திரும்பினாள். வாயிலிருந்த ஆணியை எடுத்தாள்.

"எப்ப அம்மா?"

ஒன்றரை வருடமாகக் கேட்கிற அதே கேள்வி. நீ எப்ப வாறாய் என்று திருப்பிக் கேட்பதற்கு இனி எனக்கு வழியில்லை. வெளியே பக்கத்து வீட்டு மரத்தில் இன்னும் பாதி இலை இருந்தது. அது முழுக்க எங்கள் முற்றத்தில்தான் கொட்டும். கொட்டட்டும், கிழவர் அள்ளட்டும்.

"பனி கொட்டுறதுக்கு முதல்" என்றேன், கோபம் இறங்காமலே. "அந்த ஜாக்கெட்டை அங்கையே வை. திரும்பி வரேக்கை எனக்குக் குளிரும்."